புரிகிறது, பேசமாட்டேன் என்கிறாள்: ஓசூர் வீடொன்றில் தமிழும் தெலுங்கும்

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இங்கே வரும் வீடு ஒரே வீடு அல்ல. ஓசூர், சூளகிரி, வேப்பனப்பள்ளி பக்கத்து இருமொழி வீடுகளில் திரும்பத் திரும்ப நடப்பதைச் சேர்த்துக் கட்டிய வீடு. மணிக்கணக்கும் சொல் எண்ணிக்கையும், முறை விளங்குவதற்காகப் போட்டுக் காட்டியவை.

நிலைமை

பெண் குழந்தை. வயது 2 வருடம் 10 மாதம். அம்மா பாலக்கோடு பக்கம், பிறந்ததிலிருந்து தமிழ். அப்பா பேரிகைப் பக்கத்துக் கிராமம், வீட்டில் தெலுங்கு. குடியிருப்பது ஓசூரில் ஒரு லைன் வீடு. அப்பாவுக்கு சிப்காட்டில் வாரம் ஒரு ஷிப்ட் மாறும் வேலை. புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு தமிழ்தான். அம்மாவுக்குத் தெலுங்கு காதால் கேட்டுப் பழகிய அளவுக்குப் புரியும், பேச வராது.

"செப்புலு தே" என்று அப்பா சொன்னால் குழந்தை ஓடிப்போய்ச் செருப்பை எடுத்து வருகிறாள். "பாலு காவாலா?" என்றால் "வேணாம்" என்கிறாள். எல்லாம் புரிகிறது, பதில் மட்டும் தமிழில். ஊருக்குப் போனால் அவ்வாவிடம் (அப்பாவின் அம்மா) வாயே திறப்பதில்லை. அவ்வாவுக்கு அதில் வருத்தம், அப்பாவுக்கு அவமானம். இதற்கு நடுவில் பிளே ஸ்கூலில், "ரெண்டு பாஷை பேசினா குழந்தைக்குக் குழப்பம் வரும், ஒண்ணை நிறுத்திடுங்க, வீட்ல கொஞ்சம் இங்கிலீஷ் பேசுங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றிலிருந்து அம்மா "மில்க் குடி", "ஷூ போடு", "ஹேண்ட் வாஷ் பண்ணு" என்று ஆரம்பித்துவிட்டார்.

தர்மபுரி மாவட்டம் சேலத்திலிருந்து 1965-ல் பிரிந்தது. அதிலிருந்து கிருஷ்ணகிரி 2004-ல் பிரிந்தது. கோடு எங்கே விழுந்தாலும் ஆந்திர, கர்நாடக எல்லையை ஒட்டிய இந்த மண்ணில் வீட்டுக்கு வீடு மொழி மாறும். தளி, அஞ்செட்டி பக்கம் கன்னடம். பேரிகை, வேப்பனப்பள்ளி பக்கம் தெலுங்கு. மூன்றும் பேசும் கிழவிகள் ஓசூர்ச் சந்தையில் இன்றும் உண்டு. அவர்கள் யாருக்கும் குழப்பம் வரவில்லை. ஆனால் அந்தக் கிழவிகள் வளர்ந்த தெரு வேறு, இந்தக் குழந்தை வளரும் லைன் வீடு வேறு.

முதல் கேள்வி: பேச்சுத் தாமதமா?

இதைத் தீர்க்காமல் மற்றதில் இறங்கக் கூடாது. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாகாது, திக்குவாயும் வராது. முதல் சொல் ஒரு வயதை ஒட்டி வருவதும், இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்ப்பதும் ஒருமொழிக் குழந்தைக்கும் இருமொழிக் குழந்தைக்கும் பொது. உண்மையான தாமதம் இருந்தால் அது இரண்டு மொழியிலும் தெரியும். ஒன்றில் மட்டும் தெரிந்தால் அந்த மொழி காதில் போதாமல் விழுகிறது என்று பொருள்.

சோதித்த முறை இது. நாற்பது பக்க நோட்டு ஒன்று. நடுவில் கோடு போட்டு ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் தெலுங்கு. பத்து நாள், குழந்தை தானாகச் சொல்லும் சொல்லை எழுத வேண்டும். சொல்லிக்கொடுத்து ஒப்பிப்பது சேராது. உச்சரிப்பு மழலையாக இருக்கலாம், பொருள் சரியாக இருக்க வேண்டும். மூன்று வேறு சமயத்தில் வந்தால்தான் கணக்கு.

தமிழ், தெலுங்கு வீட்டுக்கென்றே ஒரு சிக்கல் இங்கே உண்டு. நம் பேச்சுத் தமிழில் பாலு, காலு, கண்ணு என்று உகரம் சேர்த்தே சொல்கிறோம். தெலுங்கிலும் பாலு, காலு, கன்னு. குழந்தை "பாலு" என்றால் எந்தப் பக்கம் எழுதுவது? எந்தப் பக்கமும் வேண்டாம், கீழே "பொது" என்று தனியாக எழுதுங்கள். மொழி எது என்று காட்டிக்கொடுக்கும் சொற்கள் வேறு: தண்ணி/நீள்ளு, மாடு/ஆவு, நாய்/குக்க, வேணாம்/வத்து, வாய்/நோரு. "வான" என்ற சொல்லும் நல்ல அடையாளம். தெலுங்கில் அது மழை. தமிழ்க் காது வானம் என்று எடுத்துக்கொள்ளும். குழந்தை மழையைக் காட்டி "வான" என்றால் அந்தச் சொல் தெலுங்கிலிருந்துதான் வந்தது.

பத்து நாள் முடிவில் தமிழ் 210, பொது 22, தெலுங்கு 14. தமிழில் மூன்று நான்கு சொல் வாக்கியம் தடையில்லாமல் வருகிறது. பெயர் சொன்னால் திரும்பிப் பார்க்கிறாள், விரல் நீட்டிக் காட்டுகிறாள். தாமதம் இல்லை.

மாறாக, 2 வயதில் இரண்டு மொழியும் சேர்ந்து 50 சொல்லுக்குக் கீழே இருந்தாலோ, இரண்டு சொல் சேராவிட்டாலோ, வந்த சொல் போய்விட்டாலோ, மொழிக் கணக்கெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் காதைச் சோதிக்க வேண்டும். அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் தங்கும் பிள்ளைக்குக் கேள்வி மந்தமாக இருப்பதை வீட்டில் கண்டுபிடிப்பது கஷ்டம். கூப்பிட்டால் திரும்புவாள், ஆனால் சொல்லின் மெல்லிய ஒலிகள் விழாது. மாவட்ட அரசு மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் இதைப் பார்ப்பார்கள். "பையன் பொறுமையாத்தான் பேசுவான், அவங்க அப்பாவும் அப்படித்தான்" என்று ஒரு வருஷம் போக்குவது இந்தப் பக்கத்தில் சாதாரணமாக நடக்கும் தவறு.

மணிக்கணக்கு

குழந்தை விழித்திருப்பது நாளுக்கு 12 மணி நேரம். வாரத்துக்கு 84. இதில் தெலுங்கு எத்தனை?

அப்பா முதலில் சொன்ன பதில், "பாதிக்குப் பாதி இருக்கும்". எழுதிப் பார்த்தபோது வேறு கதை. காலை 6 மணி ஷிப்ட் வாரத்திலும் நைட் ஷிப்ட் வாரத்திலும் குழந்தையோடு நாளுக்கு 2 மணி, ஞாயிறு 4, ஆக 16. மதியம் 2 மணி ஷிப்ட் வாரத்தில் இரவு வீடு திரும்பும்போது குழந்தை தூங்கியிருக்கும், நாளுக்கு அரை மணி, ஞாயிறு 4, ஆக 7. மூன்று வாரச் சராசரி 13. அதிலும் பாதி நேரம் அம்மா பக்கத்தில் இருப்பதால் பேச்சு தமிழுக்குப் போய்விடும். மிஞ்சுவது ஆறரை மணி. மாதம் ஒருமுறை ஊர்ப் பயணம், அதை வாரத்துக்குப் பிரித்தால் இரண்டரை. மொத்தம் 9. 84-ல் 9 என்றால் சுமார் 11 சதவீதம்.

மயாமியில் ஸ்பானிஷும் ஆங்கிலமும் கேட்டு வளரும் குழந்தைகளைப் பார்பரா பியர்சனும் உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்து 1997-ல் எழுதியது இங்கே உதவுகிறது: கேட்கும் நேரத்தில் ஒரு மொழி ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் குழந்தை அந்த மொழியில் பேச முன்வருவது அரிது. இது கறாரான எல்லைக்கோடு அல்ல, ஆனாலும் நடைமுறைக்கு நல்ல அளவுகோல். 84-ல் 20 சதவீதம் என்றால் 17 மணி, 25 என்றால் 21. இந்தக் குழந்தை தெலுங்கை மறுக்கவில்லை. பேசும் அளவுக்கு அது அவளிடம் சேரவில்லை.

அப்பா டிவியையும் கணக்கில் சேர்த்திருந்தார். நாளுக்கு ஒன்றரை மணி நேரம் தெலுங்குப் பாட்டு. அதை அடித்துவிட வேண்டியதாயிற்று. பட்ரீசியா கூல் குழுவினர் 2003-ல் வெளியிட்ட சோதனையில், 9 மாதத்து அமெரிக்கக் குழந்தைகளுக்கு 12 அமர்வில் மாண்டரின் கேட்கவைத்தார்கள். நேரில் ஆள் உட்கார்ந்து பேசிய குழந்தைகள் அந்த மொழியின் ஒலியைப் பிரித்தறிந்தன. அதே ஆளை டிவியில் பார்த்தவை அறியவில்லை. டிவி கேள்வி கேட்காது, பதிலுக்குக் காத்திருக்காது. தவிரவும், உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னபடி 2 முதல் 4 வயது வரை திரைநேரம் நாளுக்கு ஒரு மணிக்குமேல் கூடாது.

அம்மா செய்துகொண்டிருந்த ஒரு நல்ல காரியம்

அப்பா, "நீள்ளு காவாலா?" என்பார். குழந்தை வாய் திறப்பதற்குள் அம்மா, "தண்ணி வேணுமான்னு அப்பா கேக்கறாரு பாரு" என்பார். அன்பால் செய்வது. ஆனால் குழந்தை இதிலிருந்து கற்றுக்கொண்டது, தெலுங்கைக் கவனிக்கத் தேவையில்லை, இரண்டு நொடியில் தமிழ் வரும் என்பது. இதை நிறுத்தியது மட்டுமே முதல் பத்து நாளில் பெரிய மாற்றத்தைத் தந்தது; குழந்தை அப்பாவின் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தாள்.

அம்மா தெலுங்கு பேச வேண்டியதில்லை. அவருடைய தமிழ்தான் குழந்தையின் அடித்தளம். தெரியாத மொழியில் தட்டுத்தடுமாறிப் பேசினால் அந்த அடித்தளமும் ஆட்டம் காணும். பிளே ஸ்கூல் சொன்ன "இங்கிலீஷ்" விஷயத்திலும் இதே பதில். "மில்க் குடி" என்பது இங்கிலீஷ் அல்ல. ஒரு தமிழ்ச் சொல்லைக் கழித்துவிட்டு வைத்த ஓட்டை. பால், கை, செருப்பு போன வீட்டில் கறந்த பால், காய்ச்சின பால், திரிந்த பால் என்ற பேச்சும் சேர்ந்து போகும். ஆங்கிலத்தைப் பள்ளி பார்த்துக்கொள்ளும். 2006-ஆம் வருடத் தமிழ் கற்கும் சட்டப்படி முதல் வகுப்பிலிருந்தே தமிழும் கட்டாயப் பாடம். கைவிட்டால் யாரும் எடுத்துக்கொடுக்காத மொழி இந்த வீட்டில் தெலுங்கு ஒன்றுதான். பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் ஏறத்தாழ 1,900 குடும்பங்களைக் கேட்டறிந்து அனிக் டி ஹௌவர் 2007-ல் சொன்னதும் இதுதான்: இருமொழி வீடுகளில் நான்கில் ஒன்றில் பிள்ளைகள் வீட்டுக்கு வெளியே ஊரில் பேசும் மொழியை மட்டுமே பேசினார்கள்.

குழந்தை தமிழில் பதில் சொல்லும்போது அப்பா என்ன செய்வது?

வழக்கின் முடிச்சு இங்கேதான். ஒஸ்லோ பல்கலைக்கழகத்து மொழியியலாளர் எலிசபெத் லான்சா, பெற்றோர் செய்யக்கூடியவற்றை ஐந்து வகையாகப் பிரித்தார். நம் வீட்டுப் பேச்சில் வைத்துப் பார்க்கலாம். குழந்தை "தண்ணி வேணும்" என்கிறாள்.

ஒன்று, புரியாதவர்போல "ஏமி?" (என்ன?) என்று கேட்பது. இரண்டு, "நீள்ளா?" என்று ஊகித்துக் கேட்பது. மூன்று, அவள் சொன்னதையே தெலுங்கில் முழுதாகத் திருப்பிச் சொல்வது: "நீள்ளு காவாலா, இதிகோ நீள்ளு". நான்கு, கண்டுகொள்ளாமல் தெலுங்கிலேயே பேச்சைத் தொடர்வது. ஐந்து, தானும் தமிழுக்கு மாறிவிடுவது. ஐந்திலிருந்து ஒன்றை நோக்கிப் போகப்போகக் குழந்தைக்கு அந்த மொழியில் பேச வேண்டிய நெருக்கம் கூடும்.

அப்பா எப்போதும் ஐந்தில் இருந்தார். விஷயம் தெரிந்ததும் ஒரே தாவாக ஒன்றுக்குப் போனார். மூன்று நாள், தமிழில் கேட்டால் "ஏமி? ஏமி?" மட்டுமே. நான்காம் நாள் குழந்தை அப்பாவிடம் கேட்பதையே நிறுத்திவிட்டு எல்லாவற்றுக்கும் அம்மாவிடம் போனாள். அப்பா அம்மாவோடு தமிழில் பேசுவதைத் தினமும் பார்க்கும் பிள்ளை இது. தமிழ் தெரியாதது போல் அப்பா நடிக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். மொழிக்காக உறவைப் பிடித்து இழுத்தால் முதலில் அறுவது உறவுதான். தாகத்துக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு பாடம் நடத்துவது எந்த வயதிலும் கூடாது.

சரிப்பட்டது இரண்டும் மூன்றும் கலந்தது. "நீள்ளா?" என்று கேட்டு மூன்று நொடி காத்திருப்பது. மூன்று நொடி சும்மா இருப்பது பெரியவர்களுக்கு வராது. மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்ல வேண்டியிருந்தது. பதில் வந்தாலும் வராவிட்டாலும் கேட்டதைக் கொடுத்துவிட்டு, கொடுக்கும்போதே முழு வாக்கியத்தையும் தெலுங்கில் சொல்வது. இன்னொன்று, ஆமாம் இல்லை என்று முடியும் கேள்வியைக் குறைத்து, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி கேட்பது: "பாலா, நீள்ளா?" பதிலுக்கு வேண்டிய சொல் கேள்வியிலேயே இருப்பதால் முதல் தெலுங்குச் சொற்கள் இந்த வழியாகத்தான் வெளியே வந்தன.

நேரத்தைக் கூட்டியது எப்படி

இரண்டு ஏற்பாடு. அப்பா குழந்தையோடு இருக்கும் 13 மணியும் முழுக்கத் தெலுங்கு, அம்மா பக்கத்தில் இருந்தாலும். அம்மாவிடம் திரும்பினால் தமிழ், குழந்தையிடம் திரும்பினால் தெலுங்கு. மதிய ஷிப்ட் வாரத்தில் 12.30-க்குப் பிளே ஸ்கூலிலிருந்து அழைத்து வருவது அப்பாவின் வேலை. அந்த அரை மணிதான் அன்றைய முதல். அடுத்தது, அதே மதிய ஷிப்ட் வாரத்தில் அவ்வா ஊரிலிருந்து வந்து ஐந்து நாள் தங்குவது. நாளுக்கு 5 மணி, ஐந்து நாளுக்கு 25. மூன்று வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 8 மணி. 13-உம் 8-உம் 21. ஊர்ப் பயணத்தை இதில் சேர்க்கவில்லை, அது கைமிச்சம்.

தாளில் சரியாக வந்தது. முதல் தடவை அவ்வா வந்து போனபின் நோட்டைப் பார்த்தால் தெலுங்குப் பத்தி நகரவே இல்லை. காரணம் எளிது: அவ்வா பேத்தியிடம் தமிழ் பேசியிருக்கிறார். "பாப்பாக்குப் புரியலையே, என்ன பண்றது". அவரைக் குறை சொல்ல முடியாது. பேத்தி பேச வேண்டும் என்ற ஆசை. "தெலுங்கில் பேசுங்கள்" என்று மறுபடி சொல்வதால் இது மாறாது. வேலை கொடுத்தால் மாறும். குளிப்பாட்டுவது, பூக்கட்டுவது, ராகிச் சங்கடி (களி) கிண்டிப் பக்கத்தில் உட்காரவைத்து ஊட்டுவது. கை அறுபது வருஷமாகத் தெலுங்கில் செய்த வேலையைச் செய்தால் வாயும் தெலுங்கில் போகும். அதைவிட முக்கியம், ஒரே வேலையில் ஒரே சொற்கள் தினமும் திரும்பும். குழந்தைக்கு வேண்டியது அந்தத் திரும்பல்தான்.

அப்பாவிடம் இன்னொரு கூச்சமும் இருந்தது. தன் தெலுங்கு கொச்சை, பாதி தமிழும் கன்னடமும் கலந்தது, டிவியில் பேசுவதுதான் சுத்தமானது என்று. அதனால் பஸ்ஸில், கடையில் குழந்தையோடு பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். குழந்தைகள் இதைச் சொல்லாமலே படித்துக்கொள்ளும்: வெளியே வெட்கப்பட வேண்டிய மொழி இது என்று. குழந்தை பேசப்போவது பேரிகை அவ்வாவிடம். அவ்வா பேசும் தெலுங்குதான் அவளுக்குச் சரியான தெலுங்கு.

வீடியோ காலும் முதலில் சொதப்பல். பத்து நிமிஷம், "ஏம் சேஸ்துன்னாவு, அன்னம் தின்னாவா" (என்ன பண்றே, சாப்பிட்டியா) என்று கேள்வியாக அடுக்கினால் மூன்று வயதுக்குள் எந்தக் குழந்தையும் ஓடிவிடும். ஐந்து நிமிஷமாகக் குறைத்து, அவ்வா தொழுவத்துக்குள் போய் கன்றைக் காட்டுவது, குழந்தை அன்றைக்குப் பொறுக்கிய இலையைக் காட்டுவது என்று ஒரு பொருளை நடுவில் வைத்தபின் குழந்தை ஓடாமல் நின்றாள்.

பெரிய தாவல்

யுகாதிக்கு ஒன்பது நாள் ஊரில். அப்பா கற்றுக்கொடுத்ததும் அவ்வா ஊட்டியதும் ஒரு பக்கம். நான்கு வயதுப் பெரியப்பா மகன் செய்தது இன்னொரு பக்கம். அவனுக்குத் தமிழ் வராது. பந்து வேண்டுமென்றால் தெலுங்கில் கேட்டாக வேண்டும், இல்லாவிட்டால் பந்து கிடையாது. மூன்றாம் நாள் "நாக்கு" (எனக்கு) வந்தது, ஐந்தாம் நாள் "நாக்கு வத்து". பெரியவர்களிடம் இல்லாத ஒன்று அந்தப் பையனிடம் இருந்தது: நிஜமாகவே தமிழ் தெரியாமை.

திரும்பி வந்தபின் கலந்து பேச ஆரம்பித்தாள். "நாயனா (அப்பா), ஆவுக்குத் தண்ணி குடு." அம்மா பயந்தார். பயப்பட ஒன்றுமில்லை, சொல் கையில் எது கிடைக்கிறதோ அதை எடுக்கிறாள், இலக்கணம் தமிழில் சரியாகவே நிற்கிறது. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பெரியவர்கள் பேசுவதும் இப்படித்தான். "அம்மா வந்துச்சு" என்று சொல்வதைத் தெலுங்கின் கோளாறு என்று உறவினர் ஒருவர் சொன்னார். தெலுங்கில் பெண்ணுக்கும் பொருளுக்கும் ஒருமையில் ஒரே வினைமுடிவு வருவது உண்மை. ஆனால் "அம்மா வந்துச்சு" என்பது தர்மபுரித் தமிழிலும் தினமும் கேட்பதுதான்; பாலக்கோட்டுப் பாட்டியே அப்படித்தான் சொல்வார்.

கன்னட வீடாக இருந்தால் வேறொன்று கவனிக்கலாம். தமிழில் நாம, நாங்க என்று இரண்டு. தெலுங்கிலும் மனம், மேமு என்று இரண்டு. இன்றைய கன்னடத்தில் இரண்டுக்கும் நாவு ஒன்றே. தளிப் பக்கத்துப் பிள்ளை, "அம்மா, நாங்க கடைக்குப் போலாம் வா" என்றால் அது அதனால்தான். திருத்த வேண்டாம், "ஆமா, நாம போலாம்" என்று சரியாகச் சொல்லி நடந்தால் போதும்.

ஆறாம் மாதம்

வயது 3 வருடம் 4 மாதம். நோட்டில் தெலுங்கு 96; தமிழை எண்ணுவதை நிறுத்தியாகிவிட்டது. அவ்வாவிடம் இரண்டு மூன்று சொல் வாக்கியம். அப்பாவிடம் பாதிக்கு மேல் தெலுங்கு; களைத்திருந்தால், அழுதால், தமிழ். அது அப்படியே இருக்கலாம்.

எழுத்து இப்போது வேண்டாம். தமிழ் படிக்க வந்தபின், ஆறு ஏழு வயதில், தெலுங்கு எழுத்தைத் தொடலாம். அப்போது "பாட்டி"க்கும் "பஸ்"ஸுக்கும் எப்படி ஒரே ப என்று இவள் கேட்கக்கூடும்; தெலுங்கில் அந்த இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து உண்டு.

அடுத்து வரும் தடை கார்த்திகை வாக்கில், ராகி அறுப்பு. அவ்வாவால் ஒரு மாதம் ஓசூர் வர முடியாது, வாரக் கணக்கு 13-க்கு இறங்கும். அதற்குப் போட்ட ஏற்பாடு: அந்த மாதம் ஞாயிறுதோறும் காலை முதல் பஸ்ஸில் ஊருக்கு. களத்துமேட்டில் 10 மணி நேரம்; அதில் அப்பாவின் 4 மணி ஏற்கெனவே கணக்கில் உள்ளது, கூடுவது 6. மொத்தம் 19. 17-க்கு மேலே நிற்கும். பெரியப்பா மகனும் அங்கே இருப்பான்.